ஏரியில் கூடு, வயலில் சாப்பாடு! வேடந்தாங்கல் போகும் விவசாயிகளுக்குச் சில யோசனைகள்

இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு வந்த ஒரு கடிதத்தை ஆசிரியர் குழுவினர் எனக்கு அனுப்பிவைத்தார்கள். எழுதியவர் மதுராந்தகம் பக்கத்து விவசாயி. ‘சென்னையில் இருந்து கார் போட்டுக்கொண்டு வந்து வேடந்தாங்கலில் பறவை பார்க்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் நாங்கள் இதுவரை உள்ளே போனதில்லை. பிள்ளைகள் கேட்கிறார்கள். எப்போது போகலாம், எதைப் பார்க்க வேண்டும்? இதனால் விவசாயிக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?’ என்று கேட்டிருந்தார். நான்கு வரியில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை இது. அதனால் தனிக் கட்டுரையாகவே எழுதுகிறேன்.

வேளாண்மை படித்துவிட்டு, வேளாண்மை அலுவலராகப் பல வட்டாரங்களில் வேலை பார்த்தவன் நான். செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் சில வருடங்கள் சுற்றியிருக்கிறேன். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நான் நடந்ததெல்லாம் பெரும்பாலும் வயல் ஆய்வுக்குப் போகும் வழியில்தான். பறவைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி புத்தகத்தில் படித்தது. மீதி, வரப்பில் நின்று பார்த்தது.

200 வருடங்களுக்கு முந்தைய உத்தரவு

வேடந்தாங்கல் ஏரி ரொம்பப் பெரியது இல்லை. சுமார் 30 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 74 ஏக்கர். பாசனத்துக்காக வெட்டிய ஊர் ஏரிதான். உள்ளே நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீரில் நின்றபடியே வளர்ந்திருக்கும். வேர் தண்ணீருக்குள் இருந்தாலும் அழுகாத மரம் அது. கீழே தண்ணீர் இருப்பதால் பாம்பு, பூனை, நாய் எதுவும் சுலபமாகக் கூட்டுக்கு ஏறிவர முடியாது. பறவைகள் அந்த மரங்களைத் தேடி வருவதற்கு இது முக்கியக் காரணம்.

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டதாகவும், ஊர்க்காரர்கள் போய் கலெக்டரிடம் முறையிட்டதாகவும் வழிவழியாகச் சொல்கிறார்கள். 1798-ம் ஆண்டு, அப்போது செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ‘பறவைகளை யாரும் கொல்லக் கூடாது, காப்பாற்றும் உரிமை ஊருக்கு உண்டு’ என்ற கருத்தில் ‘கவுல்’ என்கிற உத்தரவு கொடுத்தார். 1858-ல் அந்த உத்தரவு புதுப்பிக்கப்பட்டது. 1936-ல் சரணாலயமாக அரசு அங்கீகாரம் கிடைத்தது. 2022-ல் ராம்சர் பட்டியல் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் இடம்பிடித்தது. பக்கத்தில் இருக்கும் கரிக்கிலி ஏரிகளும் அதே ஆண்டு அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பறவைகளைக் காப்பாற்றச் சொல்லி அன்றைக்குக் கேட்டவர்கள் விவசாயிகள். வனத்துறை என்ற ஒன்றே அப்போது கிடையாது. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளைகிறது என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட விஷயம். எச்சத்தில் தழைச்சத்து, மணிச்சத்து இரண்டும் இருப்பது இன்று எல்லோருக்கும் தெரியும். ஆய்வுக்கூடம் இல்லாத காலத்திலேயே அவர்கள் கதிரைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

எப்போது போகலாம்?

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்தால்தான் பறவைகள் கூடு கட்டும். பொதுவாக நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் போனால் முட்டை, குஞ்சு, குஞ்சுக்குத் தீனி ஊட்டுவது என எல்லாவற்றையும் பார்க்கலாம். மழை பொய்த்த வருடம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கிளம்புவதற்கு முன்பு, ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, பார்வையாளர்களை அனுமதிக்கிறார்களா என்று வனத்துறை அலுவலகத்திலோ, ஊரில் தெரிந்தவர்களிடமோ விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்டுரோட்டில் திரும்பிப் போகலாம். மதுராந்தகத்தில் இருந்தும் வழி இருக்கிறது. வேடந்தாங்கலில் இருந்து கரிக்கிலி சுமார் 10 கி.மீ. ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம்.

ஒரு நாளில் இரண்டு வேளைதான் பறவை பார்க்க ஏற்ற நேரம். விடிந்ததும் ஒன்பது மணி வரை. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் இருட்டும் வரை. காலையில் கூட்டம் கூட்டமாக இரைக்குக் கிளம்பும். சாயங்காலம் எல்லாம் திரும்பி வரும். உச்சி வெயிலில் போனால், பாதிப் பறவைகள் வெளியே போயிருக்கும். மீதி அசையாமல் நிற்கும். ‘ஒன்றுமே இல்லை’ என்று சலித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் பன்னிரண்டு மணிக்கு வந்தவர்கள்தான். நமக்கு விடியற்காலை எழுவது புதிதல்ல. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கிளம்பினாலே சரியாக இருக்கும்.

கையில் என்ன வேண்டும்?

விலை உயர்ந்த கேமரா எதுவும் தேவையில்லை. கண்ணும் பொறுமையும் போதும். தொலைநோக்கி இருந்தால் கூடுதல் சந்தோஷம். வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விவரம். அதில் ‘8-க்கு 42’ என்பது போல இரண்டு எண்கள் போட்டிருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது எண், முன்பக்கக் கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். முதல் எண் அதிகமாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. மடங்கு கூடக் கூட, கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு 8 மடங்கே போதும். ஒரு குடும்பத்துக்கு ஒன்று இருந்தால், மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

சட்டை, சேலை நிறத்தையும் கவனியுங்கள். பளிச் வெள்ளை, சிவப்பு, மஞ்சள் வேண்டாம். பழுப்பு, காக்கி, மங்கலான பச்சை நல்லது. வயலுக்குப் போட்டுப்போகிற பழைய சட்டையே பொருத்தமாக இருக்கும். ஒரு நோட்டு, ஒரு பென்சில், தண்ணீர், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தின்பண்டம் எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோகிற பிளாஸ்டிக் உறையைத் திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும்.

வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நின்று பார்த்தால் நிறம் தெளிவாகத் தெரியும். வெயிலை எதிர்த்து நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். பாட்டுப் போடுவது, கத்திக் கூப்பிடுவது, கல் எறிந்து பறக்கவிட்டுப் படம் எடுப்பது எல்லாம் கூடவே கூடாது. அடைகாக்கும் பறவை பயந்து எழுந்தால், அந்த நேரம் பார்த்துக் காக்கையோ பருந்தோ முட்டையைத் தூக்கிவிடும். வெயிலில் குஞ்சு காய்ந்துவிடும். ஏரியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பது இதற்காகத்தான். வருடத்தில் ஒரு நாள் பிள்ளைகளின் ஆசையை அடக்கி அவர்கள் காப்பாற்றுவதை, ஒரு மணி நேரம் வந்துபோகிற நாம் கெடுத்துவிடக் கூடாது.

பெயர் தெரியாவிட்டாலும் அடையாளம் காணலாம்

முதல்முறை போகிறவர்களுக்கு எல்லாமே கொக்கு, நாரை என்றுதான் தோன்றும். மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்.

முதலில், பறக்கும்போது கழுத்து. கொக்கு வகைகள் கழுத்தை மடித்து உள்ளே இழுத்துக்கொண்டு பறக்கும். நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் போன்றவை கழுத்தை நேராக நீட்டிக்கொண்டு பறக்கும்.

அடுத்து, அலகு. இரண்டு அலகுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் நத்தைக்குத்தி நாரை. மஞ்சள் நிற நீள அலகும், இறக்கையில் கறுப்பு வெள்ளையும், பின்பக்கம் இளஞ்சிவப்பும் இருந்தால் மஞ்சள் மூக்கு நாரை. இதைச் சங்குவளை நாரை என்றும் சொல்வார்கள். அலகு கதிர் அரிவாள் போல வளைந்திருந்தால் அரிவாள் மூக்கன். நுனி சப்பையாக அகப்பை மாதிரி இருந்தால் கரண்டிவாயன். அலகுக்குக் கீழே பை தொங்கினால் கூழைக்கடா.

மூன்றாவது, வேலை செய்யும் விதம். கரண்டிவாயன் ஆழம் குறைந்த தண்ணீரில் அலகை இடமும் வலமுமாக வீசி அரித்துக்கொண்டே நடக்கும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முங்கி மீன் பிடித்துவிட்டு, மரத்தில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைக்கும். வக்கா என்கிற இராக்கொக்கு பகலில் தூங்கி வழியும். பொழுது சாய்ந்ததும் ‘குவாக்’ என்று குரல் கொடுத்துக்கொண்டு கிளம்பும். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் தலைக்கு மேலே அந்தக் குரலை நிச்சயம் கேட்டிருப்பீர்கள்.

இன்னொரு விஷயத்தையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். ‘ஆஸ்திரேலியாவில் இருந்து முட்டையிட வருகின்றன’ என்று பலரும் சொல்வதுண்டு. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற நத்தைக்குத்தி, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கொக்கு எல்லாம் நம் துணைக்கண்டத்திலேயே வாழ்பவை. மழைக்கும் தண்ணீருக்கும் ஏற்ப இடம் மாறுகின்றன. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்துகள் குளிருக்குத் தப்பித்து வடக்கே இருந்து, இமயமலையையும் தாண்டி வருகின்றன. ஆனால், அவை இங்கே கூடு கட்டுவதில்லை. தின்று, உடம்பைத் தேற்றிக்கொண்டு, வெயில் ஏறும்போது திரும்பிவிடும். திறந்த தண்ணீர்ப் பரப்பு உள்ள கரிக்கிலியில் இந்த வாத்துகளைப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

சாப்பாடு எங்கே?

சாயங்காலம் கரையில் நிற்கும்போது பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். இந்த 74 ஏக்கர் ஏரியில், இத்தனை ஆயிரம் பறவைக்கும் அதன் குஞ்சுகளுக்கும் மீன் போதுமா?

போதாது. அதனால்தான் காலையில் எல்லாம் வெளியே கிளம்புகின்றன. சுற்றுவட்டாரத்தில் பல கிலோமீட்டர் தூரத்துக்கு உள்ள ஏரி, குட்டை, வாய்க்கால், நெல் வயல்தான் அவற்றுக்குச் சாப்பாட்டுக் கூடம். நத்தைக்குத்தி நம் வயல் நத்தையைத் தின்கிறது. மடையானும் உண்ணிக்கொக்கும் தவளை, வெட்டுக்கிளி, பூச்சி, புழுவைப் பொறுக்குகின்றன. டிராக்டருக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாக வருவதெல்லாம், கிளறிய மண்ணில் வெளிவருகிற புழு பூச்சிக்காகத்தான். அந்த இரையை விழுங்கிக்கொண்டு போய், கூட்டில் கக்கிக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன.

அப்படியென்றால், ஏரிக்கு நான்கு பக்கமும் வேலி போட்டு வனத்துறை காவல் நின்றாலும், பறவையின் உயிர் நம் வயலில்தான் இருக்கிறது. நாம் என்ன மருந்து போடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் குஞ்சு பிழைக்கும். இது எனக்குப் புரிந்த இடம் ஏரிக்கரை அல்ல. ஒரு சம்பா வயல்.

வாளியில் இருந்த நெல்

இலைச்சுருட்டுப் புழு பார்க்க ஒரு ஊருக்குப் போயிருந்தேன். ஏரியில் இருந்து நான்கைந்து கி.மீ. தூரம். அங்கே அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் ஒன்றரை ஏக்கர் நட்டிருந்தார். நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்துப் போட்ட பயிர். வாய்க்கால் ஓரத்தில் நாலைந்து சென்ட் அளவுக்குப் பயிர் மொட்டையாகக் கிடந்தது. தூர்களை அடியோடு கடித்து, தண்டை உருவிப் போட்டிருந்தது. பார்த்தவுடன் நீலத் தாழைக்கோழி வேலை என்று தெரிந்தது. மோட்டார் கொட்டகை ஓரத்தில் மூடிய வாளி ஒன்று இருந்தது. உள்ளே ஊறவைத்த நெல். மருந்து நாற்றம் அடித்தது.

“ஐயா, இது விதை இல்லையே?” என்றேன்.

“விதை இல்லீங்க சார். அந்தக் கோழிக்கு வெச்சிருக்கேன்.”

“எப்ப வைக்கப் போறீங்க?”

“பொழுது சாயட்டும்னு இருக்கேன். நட்டு இருவது நாள்தான் ஆவுது. இப்படியே போனா நகையை எப்படி சார் மீக்குறது?”

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, விஷம் வைத்துப் பறவையைக் கொல்வதும் வேட்டைதான், தண்டனை உண்டு. அதை நான் சொன்னேன். தலையை ஆட்டினார். நான் வண்டியை எடுத்ததும் அந்த வாளி வயலுக்குப் போகும் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. பயிர் போய்க்கொண்டிருக்கிறவரிடம் சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்தால், அது பதில் ஆகாது.

வரப்பில் உட்கார்ந்து பேசினோம். “உங்க வீட்டுக் கோழி, வாத்து இந்தப் பக்கம் வருமா?” என்று கேட்டேன். வரும் என்றார். “செத்த தாழைக்கோழியை யாராவது எடுத்துக்கிட்டுப் போய்க் கொழம்பு வெச்சா?” கொஞ்சம் யோசித்தார். “உங்க பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இந்த வாய்க்கால்லதானே கால் கழுவுது?” அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய் வாளியை எடுத்து வந்தார். வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் எட்டாத மேட்டில் ஆழமாகக் குழி வெட்டி, கையில் உறை மாட்டிக்கொண்டு, வாளியோடு புதைத்தோம்.

பிறகு, செய்ய வேண்டியதைச் செய்தோம். தாழைக்கோழி பகலில் ஒளிந்திருப்பது வாய்க்கால் ஓரச் சம்புப் புதரில். வயலை ஒட்டிய பகுதியில் மட்டும் அதை அறுத்துச் சுத்தம் செய்தோம். மறைவு இல்லாத இடத்தைக் கடந்து வர அது பயப்படும். சிவப்பும் வெள்ளியுமாக மின்னுகிற நாடாவை முறுக்கி, பயிருக்கு மேலே காற்றில் படபடக்கும்படி கட்டினோம். அது மேய வருவது விடியற்காலையும் அந்தி நேரமும்தான். அந்த இரண்டு வேளையும் பக்கத்து வயல்காரர்கள் மூன்று பேர் முறைபோட்டு நடமாடினார்கள். அழிந்த இடத்தில், நன்றாகத் தூர் கட்டிய குத்துகளைப் பிரித்து நட்டு வழி நிரப்பினார்கள்.

முழுதாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். அறுப்பில் அந்த ஓரத்தில் விளைச்சல் குறைந்ததாகத்தான் பெரியவர் சொன்னார். ஆனால், பயிர் தப்பியது. நகையையும் மீட்டார். அடுத்த வருடம் அக்கம்பக்கத்தார் எல்லோரும் ஒரே வாரத்தில் நட முடிவெடுத்தார்கள். ஒருவர் மட்டும் முன்னாலோ பின்னாலோ நட்டால் அந்த வயலில்தான் மொத்தக் கூட்டமும் இறங்கும். சேர்ந்து நட்டால் சேதம் பரவலாகி, யாருக்கும் பெரிதாகத் தெரியாது.

அந்த ஜனவரியில், பேத்தியை அழைத்துக்கொண்டு அவர் சரணாலயத்துக்கு வந்தார். பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும், பார்வையாளர் கோபுரத்தில் ஏறியது அன்றுதான். நான் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன். நத்தைக்குத்தியைத் தொலைநோக்கியில் பார்த்தவர், “இவனா? இவன் நம்ம வயல்ல நத்தை பொறுக்குறவனாச்சே! இங்கதான் வூடு கட்டியிருக்கானா?” என்றார். பேத்தியைக் கூப்பிட்டு, அந்தப் பறவை நத்தையை எப்படிப் பிடித்து ஓட்டில் இருந்து சதையை உருவும் என்று கையால் செய்துகாட்டினார். நான் அதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அவர் எத்தனையோ வருடமாகப் பார்த்திருக்கிறார். பெயர் மட்டும்தான் அன்றைக்குத் தெரிந்துகொண்டார்.

விவசாயிக்கு என்ன பிரயோஜனம்?

கடிதம் எழுதிய வாசகரின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். வயலில் செய்யக்கூடிய சில வேலைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பறவைத் தாங்கி. ஆங்கில ‘டி’ எழுத்து வடிவத்தில் குச்சிகளைப் பயிருக்கு மேலே ஒன்று, ஒன்றரை அடி உயரம் இருக்கும்படி ஏக்கருக்கு 15 முதல் 20 வரை நடலாம். கரிச்சான் குருவி அதில் உட்கார்ந்து அந்துப்பூச்சியையும் புழுவையும் பிடிக்கும். கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் குச்சிகளை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் குருவிகளுக்கு அது வசதியாகிவிடும்.

இரண்டாவது, எலி. பனைமட்டையைத் தலைகீழாக நட்டு வைப்பது நம் முன்னோர் வழக்கம். ராத்திரியில் கூகையும் ஆந்தையும் அதில் உட்கார்ந்து எலியைப் பிடிக்கும். எலிக்கு மருந்து வைக்கிறவர்கள், செத்த எலியைத் தேடி எடுத்துப் புதைத்துவிடுங்கள். விஷம் தின்ற எலியை ஆந்தை தின்றால் ஆந்தையும் செத்துவிடும். அடுத்த பருவத்தில் எலி பிடிக்க ஆள் இருக்காது.

மூன்றாவது, குருணை மருந்து. மண் மேல் கிடக்கும் குருணையைப் பறவைகள் தானியம் என்று பொறுக்கித் தின்னும். பக்கத்துக் கடையில் கொடுத்தார்கள் என்பதற்காகப் போடாதீர்கள். போரேட் குருணை தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய இருப்பு வீட்டில் இருந்தால் பயன்படுத்த வேண்டாம்; அப்புறப்படுத்தும் முறையை வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள். பூச்சியின் சேதம் பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் எந்த மருந்தையும் கையில் எடுக்க வேண்டும்.

நான்காவது, உரம். பறவை தங்கும் ஏரியின் தண்ணீர் பாய்கிற வயலில் வழக்கமான அளவு யூரியாவையும் போட்டால் பயிர் கருகருவென்று வளர்ந்து, இலைச்சுருட்டுப் புழுவையும் குலை நோயையும் கூப்பிடும். மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மேலுரம் போடும் முன் இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே இலை வெளிறினால் மட்டும் தழைச்சத்து போடலாம். உர மூட்டையில் மிச்சமாகும் காசு, பறவைகள் உங்களுக்குக் கொடுக்கிற பங்கு.

ஐந்தாவது, வரத்துக் கால்வாய். ஏரி நிறைந்தால் பறவையும் உண்டு, பாசனமும் உண்டு. மழைக்கு முன்பு ஊர் கூடிக் கால்வாய் தூர்வாரும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை

வேடந்தாங்கல் தூரம் என்று நினைக்கும் வாசகர்களும் இருப்பீர்கள். திருநெல்வேலி பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கூந்தன்குளம் இருக்கிறது. அங்கே ஊர்த் தெருவில் உள்ள மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும். சிவகங்கைப் பக்கம் இருப்பவர்களுக்கு வேட்டங்குடி இருக்கிறது. எதுவும் இல்லாவிட்டாலும் உங்கள் ஊர் ஏரி இருக்கிறது.

2015-ல் இருந்து, பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஜனவரி மாதம், பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, எந்தெந்தப் பறவை, எத்தனை என்று எழுதி, ‘இ-பேர்டு’ என்ற இலவசச் செயலியில் பதிவு செய்ய வேண்டும். மாட்டுப் பொங்கல் அன்று காலையில் மாடு குளிப்பாட்ட ஏரிக்குப் போகும்போதே இதைச் செய்துவிடலாம். செல்போன் வேலையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். பறவையைக் காட்டிக்கொடுக்கும் வேலை பெரியவர்களுடையது.

அதோடு, வீட்டு நாட்காட்டியில் மூன்று தேதிகளைக் குறித்து வையுங்கள். வயலில் முதல் நத்தைக்குத்தி இறங்கிய நாள், ஏரியில் முதல் வாத்துக் கூட்டம் தெரிந்த நாள், கடைசியாக அவை கிளம்பிய நாள். பக்கத்தில் மழை அளவையும், நடவு தேதியையும் எழுதுங்கள். நான்கைந்து வருடம் தொடர்ந்து எழுதினால், உங்கள் ஊர் தண்ணீர் எப்படி மாறுகிறது என்பதை உங்கள் வீட்டு நாட்காட்டியே சொல்லும். மருந்து தெளித்த பிறகு வயலில் கொக்கு இறங்குவது நின்றுபோனால் அதையும் எழுதுங்கள். பறவைச் சேதம் பற்றியோ, பூச்சிமருந்து பற்றியோ சந்தேகம் இருந்தால், பயிரின் வயது, சேதமான இடத்தின் அளவு, எந்த வேளையில் பறவை வந்தது என்ற மூன்று விவரங்களோடு கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். விஷம் கலப்பதற்கு முன்னால் எழுதுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.